சிவப்புத் துணி கட்டிய சட்டி

சட்டியின் காதில் சிவப்புத் துணியைக் கட்டியவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஏனெனில் கிரேக்கத்தின் சிப்னோஸ் தீவில் இந்தக் கதையைச் சொல்லும் எவரும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். தொடங்கும்போதே சிரிக்கவும் செய்கிறார்கள்.

சனிக்கிழமை மாலையானால் வீடுதோறும் கொண்டைக்கடலையை மண்சட்டியில் இட்டு, ரொட்டிக்காரர் பிராங்குலிஸின் விறகடுப்புக்குக் கொண்டுபோவோம். வெங்காயம், ஆலிவ் எண்ணெய், ஒரு பிரிஞ்சி இலை, தொட்டியில் சேர்த்த மழைநீர், அவ்வளவே. இரவு முழுதும் அது தணலில் வேகும். ஞாயிறு பூசை முடிந்ததும் அவரவர் சட்டியை அவரவர் எடுத்துச் செல்வோம். சட்டிகள் எல்லாம் ஒரே சாயலில் இருப்பதால், அடையாளத்துக்காகக் காதில் ஒரு துணியைக் கட்டுவது வழக்கம். எங்கள் துணி, என் பழைய பைஜாமாவிலிருந்து கிழித்த பச்சைக் கோடு போட்ட துண்டு. பதினோரு ஆண்டுப் புகையில் அதன் பச்சையும் கோடும் மறைந்துவிட்டன. ஆயினும் ஊரில் அதை அறியாதவர் இல்லை. அந்த ஒரு வாரம் மட்டும் அது எனக்குக் கேவலமாகத் தோன்றியது. மறுநாள் அந்தச் சட்டியை எடுக்க என்னுடன் என் மச்சான் ஸ்டெர்யோஸ் வரவிருந்தார். ஆகவே பழந்துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, புத்தம்புதிய சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினேன்.

ஸ்டெர்யோஸ் என் மனைவி எவாந்தியாவின் அண்ணன். வோலோஸ் நகரில் டயர்க் கடை வைத்திருப்பவர். எங்கள் திருமணத்தன்று காற்று கடுமையாக வீசியதால் கப்பல்கள் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தன. பெண்ணின் அண்ணனால் வந்து சேர முடியவில்லை. "ஒரு நாள் காத்திருக்கலாம்" என்றாள் எவாந்தியா. நானூறு பேர் வந்தாயிற்று, ஆடுகள் வெந்தாயிற்று, பாதிரியாருக்கு மறுநாள் வேறொரு கல்யாணம் இருக்கிறது, காற்று எப்போது நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும் என்று நான் வாதிட்டேன். வாதத்தில் வென்றேன். மறுநாள் நண்பகலில், இஸ்திரி போட்ட கோட்டைக் கையில் தொங்கவிட்டபடி கப்பலிலிருந்து இறங்கிய ஸ்டெர்யோஸ், செய்தியைக் கேட்டதும் துறையிலேயே நின்றுவிட்டார்.

"எனக்காக ஒரு நாள் காத்திருக்காத வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வந்த கப்பலிலேயே திரும்பிப் போனார். அதன்பின் பதினோரு ஆண்டுகள் அவர் இந்தத் தீவில் கால் வைக்கவில்லை.

இந்த ஆகஸ்டில் வந்தார். "தங்கச்சி வீட்டுக்கு வரலை, தீவைச் சுத்திப் பாக்க வந்திருக்கேன்" என்று தொலைபேசியில் முன்கூட்டியே தெளிவுபடுத்தினார். வியாழன் முதல் ஞாயிறு வரை தங்குவதற்குத் துறைமுகத்தில் அறை எடுத்துக்கொண்டார். எவாந்தியா ஒரு வாரம் வீட்டைக் கழுவினாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அண்ணன் தன் மேசையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாற்காலிகளுக்குப் புதிதாக வைக்கோல் பின்னக் கொடுத்திருந்தாள்.

மூன்று நாட்கள் அவரை என் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு திரிந்தேன். என் பொறுமையின் எல்லை எதுவென்று எனக்குத் தெரியவந்தது அப்போதுதான். வாத்தி என்ற ஊரில் குடாவைக் கண்டு, "எங்க பக்கத்துல இதைவிடப் பெருசா இருக்கு" என்றார். பிளாத்திஸ் யாலோஸ் கடற்கரையில் சுட்ட ஆக்டோபஸைத் தின்றுகொண்டே, "வோலோஸ்ல ஒரு குட்டி பாட்டில் சிப்புரோ சாராயம் சொன்னா, கேக்காமலே எட்டு தட்டு வந்து நிக்கும். இங்க கேட்டாலும் ஒண்ணுதான் வருது" என்றார். கேப்பர்க் கீரை, ஒயினில் ஊறிய ஆட்டுக்கறி, புளித்த பாலாடைக்கட்டி அனைத்தையும் வழித்துத் தின்றார். அனைத்தையும் குறை சொன்னார். எவாந்தியா சாப்பாட்டுக் கடைகளுக்கு வந்து அவர் எதிரில் அமர்ந்து சிரித்துப் பேசினாள். வீட்டுக்கு அழைத்தபோதெல்லாம் அவர் வாயிற்படிக் கதவுவரை வந்து, செடிகளைப் பாராட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

சனிக்கிழமை மாலை, சட்டிகள் அடுப்புக்குப் போவதை அவர் கவனித்தார்.

"இது என்ன மாப்பிள்ளே, ஊரே சட்டியைத் தூக்கிட்டு ஊர்வலம் போகுது?"

நான் விளக்கினேன். அவர் வெகுநேரம் மோவாயைச் சொறிந்தார்.

"அப்ப வேகறது உன் வீட்டு அடுப்புல இல்ல. ஊர் அடுப்புல."

"ஊர் அடுப்புலதான், மச்சான்."

"அப்படின்னா நான் சொன்ன சொல்லு இதுக்குச் சேராது. நாளைக்கு என் கண் முன்னாடி சட்டியை அங்கருந்து எடு. சாப்பிடறேன். கப்பல் அஞ்சே முக்காலுக்கு."

இதைக் கேட்ட எவாந்தியா உள்ளே போய், ஏற்கெனவே ஊறியிருந்த கடலையை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நான் அந்தச் சிவப்புத் துணியைத் தேடி எடுத்தேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு நாங்கள் இருவரும் அடுப்படிக்குப் போனோம். பலகையின்மேல் ஒரே ஒரு சட்டி மீந்திருந்தது. அதன் காதில் சிவப்புத் துணி இருந்தது. ஆனால் அது எங்கள் சட்டியன்று. எங்கள் மூடியில் ஓரம் உடைந்திருக்கும். இதன் மூடி முழுமையாக இருந்தது. இதன் வயிற்றில் உள்ளங்கை அளவுக்குச் சிமெண்ட் ஒட்டுப் போட்டிருந்தது.

"பிராங்குலிஸ், என் சட்டி எங்க?"

"உன் சட்டியா? பச்சைத் துணி ஒண்ணும் வரலியேப்பா. நீ இந்த வாரம் வைக்கலையோன்னு நினைச்சேன்."

"சிவப்பு கட்டியிருந்தேன்!"

பிராங்குலிஸ் மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சிவப்பா? இருக்கற சிவப்பு பத்தாதுன்னா? ஆர்தெமோனாஸ் அடுப்போட புகைபோக்கி இடிஞ்சதுலேர்ந்து பாதித் தீவு இங்கதான் வருது. பாதிரியாரம்மா சிவப்பு, ஃபாரோஸ் பொலிக்ரோனிஸ் சிவப்பு, காஸ்த்ரோ கலிரோயி சிவப்பு. இப்ப நீயும். மூணுல யாரோ உன்னுதை எடுத்துட்டு அவங்களுதை விட்டுட்டுப் போயிட்டாங்க."

"இந்தச் சிமெண்ட் யாரோடது?"

"நான் ரொட்டியைப் பாப்பேனா, சட்டி வயித்தைப் பாப்பேனா? பேசாம இதை எடுத்துட்டுப் போ. கடலை கடலைதான்."

அந்த வாக்கியத்தை நான் எளிதில் மன்னிக்க மாட்டேன். இன்னொரு பெண்ணின் கடலையை, வோலோஸ்காரர் ஒருவருக்கு, அதுவும் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஒரே ஒரு வேளைக்கு, என் வீட்டு மேசையில் வைப்பதா? அந்தச் சட்டியை நான் தொடவேயில்லை. மூன்று வீடுகளுக்கும் அங்கிருந்தே தொலைபேசியில் பேசினேன். மூவரும், எழுந்துபோய்ப் பார்க்காமலேயே, "எங்க சட்டி எங்ககிட்டதான் இருக்கு" என்றார்கள்.

"எங்க ஊர்ல அவங்கவங்க வீட்லயே சமைச்சுக்குவாங்க" என்றார் ஸ்டெர்யோஸ். "அதனால தொலையறதுக்கு ஒண்ணும் இல்ல."

"வண்டியில ஏறுங்க மச்சான்."

ஆர்தெமோனாஸில் பாதிரியாரின் மனைவி, எல்லோருக்கும் பாதிரியாரம்மா, வாசலில் நின்றிருந்தார். அவர் மேசையில் இருந்தது அவருடைய சட்டிதான்; மூடி முழுமையாக இருப்பதைத் தெருவிலிருந்தே கண்டுகொண்டேன். நன்றி சொல்லித் திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு வீட்டு வாசலில் பூசை நாளன்று நின்றுவிட்டு, எதையும் வாயில் போடாமல் போவது இத்தீவில் நடவாத காரியம். பாதாம் இனிப்பு வந்தது. பிறகு திராட்சைப் பாகு. பிறகு குளிர்ந்த நீர். அந்தத் தண்ணீரைக் குடித்துமுடித்ததும் மறுபடியும் பாதாம் இனிப்பு.

"இது யார் செஞ்சது?" என்றார் ஸ்டெர்யோஸ், வாய் நிறைய.

"நான்தான் தம்பி. இன்னும் ரெண்டு எடுத்துக்கோங்க. மாடிக்குப் போய்ப் பாருங்க, காத்தாலை எல்லாம் ஒரே வரிசையாத் தெரியும்."

"மச்சான், நேரம்…"

"சுத்திப் பாக்கத்தானே வந்தேன், மாப்பிள்ளே?"

மாடியிலிருந்து இறங்கிவர அவருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மூன்று நாட்களாக நான் காட்டிய எந்த இடத்தையும் கைபேசியில் படமெடுக்காதவர், இப்போது காற்றாலைகளைப் பன்னிரண்டு கோணங்களில் எடுத்திருந்தார்.

ஃபாரோஸுக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே முக்கால். எவாந்தியா அழைத்தாள். "எங்க இருக்கீங்க?" என்றாள். "வந்துட்டே இருக்கோம்" என்றேன். உண்மையில் நான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். அவள் "சரி" என்று வைத்துவிட்டாள்.

படகுக்காரர் பொலிக்ரோனிஸ் கடலோர மரத்தடியில் இடுப்பில் வெறும் துண்டுடன் மேசை போட்டு அமர்ந்திருந்தார். சட்டி நடுவில் இருந்தது. மூடியைப் பார்த்தேன்: முழுமையானது. வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன்: ஒட்டு இல்லை. அவருடையதேதான்.

"என்னடா மத்தேயோஸ், என் சட்டியை மருத்துவர் மாதிரி தட்டிப் பாக்கற?"

காரணத்தைச் சொன்னேன். மரத்தடியே குலுங்கும்படி சிரித்தார். "பச்சைத் துணியை அவுத்துட்டியா? அடப்பாவி, அது உன் மூஞ்சியைவிடப் பழகின அடையாளமாச்சே! சரி உக்காரு. விருந்தாளியையும் உக்காரச் சொல்லு."

"உக்கார நேரமில்ல."

"நின்னுக்கிட்டுச் சாப்பிட்டா வயித்துல ஒட்டாது."

பொரித்த சிறுமீன் வந்தது. எலுமிச்சை வந்தது. கேப்பர்ச் சாலட் வந்தது. சோம்பு மணக்கும் ஊசோ மது வந்தது. கேட்காமலேயே வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஸ்டெர்யோஸ் தட்டுகளை விரல்விட்டு எண்ணி, ஏழாவதில் நிறுத்தி, "வோலோஸ் மாதிரியே இருக்கு" என்றார். மூன்று நாட்களாக ஒரு நல்ல வார்த்தைக்கு நான் ஏங்கியிருந்தேன். அது கிடைத்தபோது பொலிக்ரோனிஸுக்குக் கிடைத்தது.

மீன் தீர்ந்தபின் ஸ்டெர்யோஸ் தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்த கிரிசோபிகி மடத்தைக் காட்டி, அது நிற்கும் பாறை ஏன் நிலத்திலிருந்து பிளந்து நிற்கிறது என்று கேட்டார். கடற்கொள்ளையரிடமிருந்து பெண்களைக் காக்க மாதாவே பாறையைப் பிளந்த கதையைப் பொலிக்ரோனிஸ் விரிவாகச் சொன்னார். மிக விரிவாகச் சொன்னார். கதை கேட்டபின் பாலத்தைக் கடந்து உள்ளே போய் மெழுகுவத்தி ஏற்றாமல் வருவது முறையாகாது என்று ஸ்டெர்யோஸ் கருதினார். வண்டிச் சாவியை விரலில் சுழற்றியபடி நான் வெயிலில் நின்றேன். மணி இரண்டே கால்.

இனி எஞ்சியிருந்தது காஸ்த்ரோ. அங்கு வண்டி உள்ளே போகாது. படிகளில்தான் ஏற வேண்டும். வயிறு நிறைந்த ஸ்டெர்யோஸ் ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கினார். நின்ற இடத்திலெல்லாம் ஒரு பழைய கதவையோ கல்வெட்டையோ ஒரு பூனையையோ கண்டுபிடித்தார்.

கலிரோயியின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஓரம் உடைந்த என் மூடி, கழுவிக் கவிழ்த்து, சன்னல் விளிம்பில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் என் சட்டியும் கழுவிக் கவிழ்த்திருந்தது.

கலிரோயி என் முகத்தையும் சட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு தன் கணவர் விதாலிஸ் பக்கம் திரும்பினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீதானே சிவப்புத் துணின்னு சொன்ன" என்றார் அவர்.

"சிமெண்ட் ஒட்டை யார் பாக்கறது? போன வருஷம் அதைப் போட்டதே நீதானே!" என்றாள் அவள். பிறகுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. "அப்ப மத்தியானம் சாப்பிட்டது… அது உங்க வீட்டுக் கடலையா?"

"ஆமா."

"முப்பத்தாறு வருஷத்துல இன்னிக்குத்தான் கடலை நல்லா வந்திருக்குன்னு இந்த மனுஷன் சொன்னாரு!"

விதாலிஸ் கண்ணாடியை இன்னும் கவனமாகத் துடைத்தார்.

அடுத்த கால் மணி நேரம் அவர்களுக்குள் நடந்த உரையாடலை எழுதுவது பண்பாகாது. எனக்கோ உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. எவாந்தியாவின் ஒரு வேளைச் சோற்றை, அவள் பதினோரு ஆண்டுகள் வைத்திருந்த அந்த ஒரு வேளையை, விதாலிஸ் ரசித்துத் தின்றுவிட்டார். அவர் ரசித்தது எனக்கு ஆறுதல் அளிக்கவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். கலிரோயி விடவில்லை, வெறும் சட்டியைத் திருப்பித் தரும் பெண் இந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை. அத்திப்பழத்தைக் கொண்டுவந்து நிரப்பினாள். நிரப்பும்போதே எங்களுக்கு ஆளுக்கு நான்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். ஸ்டெர்யோஸ் அத்திப்பழத்துடன் வெளியே போனார். கடலுக்குள் பாறைமேல் நிற்கும் ஏழு தியாகிகள் தேவாலயத்தைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார். இறங்கிப் போய் அவரைக் கூட்டிவந்தேன். மணி நான்கு.

திரும்பும் வழியில் அவர் இருக்கையில் சாய்ந்து வயிற்றைத் தடவினார். "நல்ல தீவுதான், மாப்பிள்ளே. மூணு நாளா நீ எனக்கு எதைக் காட்டிக்கிட்டு இருந்தே?"

எவாந்தியாவிடம் என்ன சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை.

எங்கள் வாயிற்படிக் கதவில், மூன்று நாட்களும் நின்ற அதே இடத்தில் அவர் நின்றார். கதவு வழியே மேசை தெரிந்தது. மூன்று தட்டுகள், மூன்று கரண்டிகள், ரொட்டி, எலுமிச்சை, நடுவில் ஒரு சட்டி. அதன் சிமெண்ட் ஒட்டு எங்களை நேராகப் பார்த்தது. ஒரு மணிக்கே அவள் அடுப்படிக்குப் போய், பிராங்குலிஸிடம் முழுக் கதையையும் கேட்டு, நான் தொட மறுத்த அந்தச் சட்டியைத் தூக்கிவந்திருக்கிறாள். போர்வை சுற்றிச் சூடு காத்திருக்கிறாள்.

தட்டுகள் மூன்றும் சுத்தமாக இருந்தன.

"எவாந்தியா, நீயாவது சாப்பிட்டிருக்கலாமே" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "இன்னும் சாப்பிடலண்ணே" என்றாள் அவரிடம். "மூணு மணி நேரமா உனக்காகத்தான் காத்திருக்கேன்."

ஸ்டெர்யோஸ் தன் காலணிகளைப் பார்த்தார். கதவைத் தள்ளினார். உள்ளே வந்தார். பாதாமும் மீனும் அத்தியும் கழுத்துவரை நிறைந்திருந்த அந்த மனிதர், புதிதாகப் பின்னிய நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஊத்து."

அவள் உப்பெடுக்க உள்ளே திரும்பிய நேரத்தில், அவர் இரண்டு கைகளாலும் சட்டியைப் பிடித்து, ஒட்டுப் போட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி மெதுவாகத் திருப்பிவைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்தப் பார்வையில் தெளிவாக இருந்தது.

ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார்.

"அம்மா கை. அப்படியே அம்மா கை" என்றார்.

எவாந்தியா அழுதாள், சிரித்தாள், அவர் தட்டில் மறுபடியும் ஊற்றினாள். அவர் மூன்று தட்டுகள் தின்றார். எப்படித் தின்றார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் வண்டியைத் திருப்பி நிறுத்தி, அத்திச் சட்டியை உள்ளே வைத்து, கை கழுவி வந்து உட்கார்ந்தபோது, மீதியை அவள் டப்பாவில் போட்டு, கப்பலில் சாப்பிடுவதற்காக அவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். எனக்குச் சட்டியின் அடியைத் துடைக்க ஒரு ரொட்டித் துண்டு கிடைத்தது. முப்பத்தாறு வருடம் விதாலிஸ் குறை சொன்ன அந்தக் கடலை, உண்மையைச் சொல்வதானால், கொஞ்சம் உப்புக் குறைவு.

துறையில் கப்பலின் பின்கதவு இறங்கியது. அவர் தங்கையைக் கட்டிக்கொண்டார். டப்பாவை அக்குளில் இடுக்கியபடி சரிவில் ஏறி, பாதியில் நின்று, வண்டிகளின் இரைச்சலுக்கு மேலாகக் கத்தினார்:

"அடுத்த வருஷமும் மறக்காம சிவப்புத் துணியே கட்டு, மாப்பிள்ளே! பாக்காத ஊர் இன்னும் மூணு இருக்கு!"

துறையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை கலிரோயியின் சட்டியைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. வெறும் சட்டியாகத் தர முடியாது. எவாந்தியா அதில் தக்காளியை நிரப்பிக் கொடுத்தாள். அத்தனை படிகளையும் நான் மறுபடியும் ஏறினேன்.